புதுச்சேரி விடுதலையும் நடவாத வாக்கெடுப்பும்

1954ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள், வில்லியனூரை அடுத்த கீழூர் என்னும் சிற்றூரில் 178 பேர் கூடி வாக்களித்தனர். பிரஞ்சிந்தியப் பகுதிகள் இந்திய ஒன்றியத்தோடு இணைதல் வேண்டும் என்றோர் 170 பேர். வேண்டா என்றோர் எண்மர். வாக்களித்தோர் பொதுமக்கள் அல்லர். மக்கள் பிரதிநிதிகள் சபையினரும் நகராட்சி மன்றத்தினருமே ஆவர். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் அரசியல் நிலை, பிரான்சுவா மர்த்தேன் காலந்தொட்டு 280 ஆண்டுகள் நிலவிய ஒரு தொடர்பு, அன்று ஒரு முற்பகலில் முடிவுக்கு வந்தது. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. இவை யாவரும் அறிந்த செய்திகள். ஆனால் இதற்கு ஆறாண்டுகட்கு முன்னரே, 1948 சூன் திங்களில், இந்திய அரசும் பிரஞ்சு அரசும் உடன்பட்டு அறிவித்த பொதுமக்கள் வாக்கெடுப்பு ஒன்று உண்டு. அது புதுச்சேரியிலோ காரைக்காலிலோ மாகியிலோ ஏனாமிலோ நடைபெறவே இல்லை. அது நடைபெற்றிருப்பின் யாது விளைந்திருக்கும்? விடுதலை முன்னரே வந்திருக்குமா? வந்திருப்பின் இன்று நாம் காணும் புதுச்சேரி இவ்வடிவில் இருந்திருக்குமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடந்தவற்றை ஆராய்வதே வரலாறு, நடவாதவற்றை ஆராய்தல் புனைகதையாளர் தொழில் என்று கூறுவார் உளர். அவர் கூற்றை யாம் முற்றும் மறுக்கவில்லை. எனினும் ஒரு செயலுக்குக் காரணம் இதுவென வரலாற்றாசிரியர் துணியுந்தோறும், அக்காரணம் இல்லையாயின் அச்செயலும் இல்லை என்னும் கருத்தினைத் தம்மை அறியாமலே உடன் கொள்கின்றனர். தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை எண்ணுமிடத்துச் 'செயின்' என்பதனையும் ஒன்றாக வைத்தார். அவ்வெச்சம் தனக்குரிய முடிக்குஞ் சொல்லைப் பெற்றே பொருள் நிரம்பும். வரலாற்றில் வரும் 'செயின்' எச்சமும் அத்தகையதே. சான்று என்னும் முடிபினைப் பெறாத எச்சம் வெறும் ஓசையாய் ஒழியும்.

இத்தகைய ஆராய்ச்சி பிற நாட்டு வரலாறுகளிலும் நடைபெறுவதே. உக்ரைன் நாட்டு விடுதலை 1991இல் நிலைபெற்றது. அது முன்னரே வாய்த்திருக்கக் கூடுமா என்னும் வினா அந்நாட்டு வரலாற்றில் பன்முறை எழுப்பப்பட்டுள்ளது. 1654இல் கொசாக்கியர் மாஸ்கோ வேந்தரோடு செய்த உடன்பாடு, 1658இல் போலந்தோடு எழுதப்பெற்று நிறைவேறாது போன அதியாச்சு ஒப்பந்தம், 1709இல் பொல்தாவாப் போரில் மசேப்பா அடைந்த தோல்வி, 1918 சனவரியில் கீவு நகரத்து மன்றம் வெளியிட்ட விடுதலை அறிக்கை என வழி பிரிந்த இடங்கள் பல அவர்தம் வரலாற்றில் உண்டு. இவற்றுள் எமக்கு மிகப் பயன்படுவது அண்மைக்காலத்து நிகழ்ச்சியொன்றாம். 1991 மார்ச்சுத் திங்களில், சோவியத்து ஒன்றியம் புதுக்கிய வடிவில் நீடிக்கலாமா எனக் கேட்கப்பட்டபோது, உக்ரைனில் வாக்களித்தோருள் நூற்றுக்கு எழுபதின்மர் ஆம் என்றனர். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் தனி விடுதலை வேண்டுமா எனக் கேட்கப்பட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றின்மருக்கு மேல் ஆம் என்றனர். மக்கள் அவரே, இடையிற் கழிந்தவை ஒன்பது திங்களே. கேட்ட காலமும் கேட்ட வினாவும் வேறு. வாக்கெடுப்பு என்பது மக்களுள்ளத்தில் முன்னரே எழுதப்பட்டுக் கிடக்கும் விடையைப் படித்துக் காட்டும் கருவி அன்று என்பதை இதனால் அறிகின்றோம். புதுச்சேரியை நோக்குமிடத்தும் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆதலின் யாம் ஒரு வரம்பு வகுத்துக்கொள்கின்றோம். அக்காலத்து வாழ்ந்தோர் தாமே எண்ணிப் பார்த்து, அரசியல் தாள்களில் எழுதியோ மன்றங்களில் பேசியோ வைத்த வழிகளை மட்டுமே ஈண்டு ஆராய்வோம். பிற்காலத்தார் இருக்கையில் அமர்ந்து கற்பித்துக்கொள்ளும் வழிகள் எமக்கு வேண்டா.

இவ்வரம்பினால், பலரும் விரும்பிப் பேசும் வினா ஒன்று முதற்கண் விலகும். தூய்ப்ளே 1754இல் திரும்ப அழைக்கப்படாதிருப்பின் என்பதே அது. அவர் அவ்வாண்டு அக்டோபரில் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறினார். கீழூரில் வாக்களிப்பு நிகழ்ந்ததும் சரியாக இருநூறு ஆண்டுகட்குப் பின்னர் ஓர் அக்டோபரிலேயே. எண்கள் இவ்வாறு பொருந்துவது கண்ணுக்கு இனிதாயினும் அதனுள் காரணகாரியத் தொடர்பு ஏதுமில்லை. தூய்ப்ளே வென்றிருப்பின் தமிழகம் ஆங்கிலேயர்க்கு மாறாகப் பிரஞ்சுக்காரர் கையிற் சிக்கியிருக்கும். அது ஆண்டார் மாற்றமேயன்றி விடுதலை ஆகாது. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பைக் கற்றோர், தூய்ப்ளே காலத்துப் புதுச்சேரியில் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதை நன்கு அறிவர்.

1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. 1761, 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். அமியேன் உடன்படிக்கையை ஒட்டிச் சிறிது காலம் திரும்பக் கொடுத்து மறுபடியும் எடுத்துக்கொண்டனர். இறுதியில் 1792 சனவரி 1ஆம் நாள் பிரஞ்சுக்காரர் வசம் இருந்தவை யாவும் அவர்க்கே திரும்பக் கொடுக்கப்படும் என்று பாரிசில் முடிவாயிற்று. 1816இல் அவ்வாறே நிறைவேறிற்று. அரண் கட்டலாகாது, ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவினும் மிகுந்த படை வைத்தலாகாது என்னும் கட்டுப்பாடுகளும் அவ்வுடன்படிக்கையில் இருந்தன. டச்சுக்காரர் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் முதலியவற்றின் மீதிருந்த உரிமையை 1824இல் ஆங்கிலேயர்க்கு விட்டுக்கொடுத்தனர். தேனியர் தரங்கம்பாடியை 1845இல் விற்றுவிட்டுச் சென்றனர். பிரஞ்சுக்காரரும் அவ்வழியிற் சென்றிருப்பின், புதுச்சேரி தென்னார்க்காட்டின் ஒரு துறைமுக நகராகி 1947 ஆகஸ்டு 15ஆம் நாள் நம்மனைவரோடும் விடுதலை பெற்றிருக்கும். அந்நிலையில், 1908இல் சென்னை அரசின் கைக்கு அகப்படாது வந்து பத்தாண்டு பாரதியார் தங்குதற்குப் பிறர் ஆட்சி நிலம் ஒன்று அருகே இருந்திராது. அரவிந்தர் 1910 ஏப்பிரலில் வந்திறங்கவும் இடம் இருந்திராது. விடுதலை பெறுவதில் பின்தங்கிய இந்நிலமே பிறர் விடுதலைக்குப் புகலாய் நின்றமையைத் தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

1940ஆம் ஆண்டினைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. பிரான்சு செர்மானியர்க்குப் பணிந்தபின் ஆளுநர் போன்வேன் தெ கோலின் பக்கம் நின்றார். அவர் விசி அரசினைப் பற்றி நின்றிருப்பின், சுற்றிலும் ஆங்கிலேயர் நாடே ஆதலின் புதுச்சேரி சின்னாளில் அவர்வயப்பட்டிருக்கும். ஆனால் 1942இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய மடகாசுகரும் பின்னர்ப் பிரஞ்சுக்காரர்க்கே மீண்டது. ஆதலின் 1947இல் நிலைமை பெரிதும் வேறுபட்டிருக்கும் எனக் கொள்ளுதற்கு இடமில்லை.

இனி, உண்மையில் வழி பிரிந்த காலத்துக்கு வருவோம். 1946 டிசம்பரில் நடந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தலில், வ. சுப்பையா முதலியோர் முன்னின்ற தேசிய சனநாயக முன்னணி 44 இடங்களுள் 34 இடங்களைப் பெற்றது. 1936 சூலை 30ஆம் நாள் ஆலைத்தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்ட நகரில், தொழிலாளர் இயக்கத்தின் வலிமை தேர்தல் வெற்றியாய்ப் பழுத்த காலம் அது. 1947 ஆகஸ்டு இறுதியில், இப்பகுதிகளின் எதிர்காலத்தை நட்புமுறையில் முடிவு செய்வோம் என இரு அரசுகளும் கூட்டறிக்கை வெளியிட்டன. அக்டோபர் 6ஆம் நாள் மசூலிப்பட்டினம், கோழிக்கோடு, சூரத்து முதலிய ஊர்களில் இருந்த பழைய பண்டகசாலை நிலங்களைப் பிரான்சு இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்தது. அன்று அவற்றோடு புதுச்சேரியையும் கொடுத்திருக்கலாகாதா என்று வினவுவது இயல்பே.

கொடுத்திருக்கலாகாது என்றே யாம் கருதுகின்றோம். காரணம் இரண்டு. முதலாவது சட்டம் பற்றியது. 1946 அக்டோபரில் வெளியிடப்பட்ட பிரஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, தொடர்புடைய மக்களின் இசைவின்றி நிலம் கொடுத்தலும் மாற்றுதலும் செல்லா என்று கூறிற்று. பண்டகசாலை நிலங்களில் குடிமக்கள் என்று சொல்லத்தக்கோர் இலர். ஆதலின் அவற்றைக் கொடுத்தற்குத் தடை எழவில்லை. புதுச்சேரியின் நிலை அதுவன்று. இரண்டாவது காரணம் இதனினும் வலியது. அது வங்கக் கடலுக்கு அப்பால் இருந்தது. இந்தோசீனத்தில் 1946 டிசம்பரில் போர் மூண்டுவிட்டது. புதுச்சேரியை ஒரு கையெழுத்தால் விட்டுவிடின் அனாய், சைகோன் நகரங்களுக்கும் அதுவே முன்மாதிரி ஆகுமே என்னும் அச்சம் பாரிசில் இருந்தது. புதுச்சேரியின் அளவு சிறிது. அது காட்டக்கூடிய வழி பெரிது. சுப்பையாவின் முன்னணி 34 அன்றி 44 இடங்களையும் வென்றிருந்தாலும், இந்தோசீனப் போர் நடந்துகொண்டிருக்கும்வரை பாரிசின் மனம் இளகியிராது.

அக்காலத்துப் பேசப்பட்ட பிறிதொரு வழி, புதுச்சேரியைத் தனித்த நிலையுடைய நகராக்குவது. ஆளுநராய் இருந்த பிரான்சுவா பரோன் அரவிந்தரிடம் ஈடுபாடு உடையவர். இரு நாட்டுப் பண்பாடும் சந்திக்கும் இடமாகப் புதுச்சேரி அமையவேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு இருந்தது. இரட்டைக் குடியுரிமை பற்றியும், பிரஞ்சு ஒன்றியத்துக்குள் தன்னாட்சி பற்றியும் பேச்சுகள் நடந்தன. பிரஞ்சு நாடாளுமன்றத்தில் பிரஞ்சிந்தியாவின் உறுப்பினராய் இருந்த இலம்பேர் சரவணன் தொடக்கத்தில் பிரஞ்சு ஒன்றியத்தின் பக்கம் நின்று, பின்னர் இணைப்பின் பக்கம் வந்தவர். இவர்களை வெறும் ஏகாதிபத்தியத்தின் கைப்பொம்மைகள் என ஒதுக்கிவிடும் நூல்கள் உண்டு. அது நேர்மையான மதிப்பீடு எனல் அரிது. ஆயினும் அவ்வழி நிலத்தின் இயல்போடு பொருந்தவில்லை.

புதுச்சேரிப் பகுதி ஒரே பரப்பாய் அமைந்த நாடன்று. உழவர்கரை, வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை, மண்ணாடிப்பட்டு என்னும் கொம்யூன்களின் ஊர்கள் தென்னார்க்காட்டு ஊர்களுக்கிடையே சிதறிக் கிடந்தன. நகரிலிருந்து பாகூருக்குச் செல்லும் உழவன் வழியில் வேற்று நாட்டு மண்ணை மிதித்தே செல்லவேண்டும். 1879இல் அமைந்த விழுப்புரம் இருப்புப்பாதையை நடத்தியது தென்னிந்திய இரயில்வே. காரைக்கால் தெற்கே காவிரிக் கழிமுகத்திலும், ஏனாம் வடக்கே கோதாவரிக் கரையிலும், மாகி மலையாளக் கரையிலும் இருந்தன. ஐரோப்பாவில் முதற்போருக்குப்பின் தான்சிக்கு நகரமும், இரண்டாம் போருக்குப்பின் திரியெசுத்தும் தனி நகரங்களாக அறிவிக்கப்பட்டன. முன்னது 1939இல் செர்மனியால் விழுங்கப்பட்டது. பின்னது 1954 அக்டோபரில், கீழூர் வாக்களிப்புக்கு இரு கிழமை முன்னர், இத்தாலிக்கும் யூகோசுலாவியாவுக்குமாகப் பங்கிடப்பட்டது. பெருநாடுகளின் உறுதிமொழி பெற்ற நகரங்களின் கதி இதுவாயின், நெல்வயல்களுக்கிடையே கிடந்த எட்டுக் கொம்யூன்களின் கதி யாதாகியிருக்கும் என்பது சொல்லவேண்டா.

எஞ்சியது வாக்கெடுப்பு வழி. இதுவே எமது ஆராய்ச்சியின் உயிர்நிலை ஆதலின் இதனிடத்துச் சற்றுத் தங்குவோம்.

1948 சூன் 8ஆம் நாளைய உடன்பாட்டின்படி, இந்தியாவோடு சேர்வதா பிரான்சோடு இருப்பதா என்பதை அந்தந்தப் பகுதி மக்களே வாக்களித்து முடிவு செய்யவேண்டும். வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் முன்மொழியும் உரிமை நகராட்சி மன்றங்களுக்குத் தரப்பட்டது. வல்லரசுகள் நிலங்களைத் தம்முள் பரிமாறிக்கொண்ட பழைய முறைக்கு இது முற்றிலும் வேறானது. தாளில் எழுதிய அளவில் குறை காண்பதற்கில்லை. குறை முழுதும், நகராட்சி மன்றங்களைக் கைப்பற்றுவோரே வாக்கெடுப்பையும் கைப்பற்றுவர் என்பதில் இருந்தது.

அவ்வாறே நிகழ்ந்தது. 1948 அக்டோபரில் நகராட்சித் தேர்தல் நடைபெற்றது. மாகியில் தேர்தலுக்குரிய அடையாளச் சீட்டு வழங்குவதில் எழுந்த பூசல் கிளர்ச்சியாய் மூண்டது, ஐ. கே. குமாரன் தலைமையில் மக்கள் ஆட்சி நிலையத்தையே கைப்பற்றினர். சில நாளில் பிரஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. புதுச்சேரியில் எதுவார் குபேர் தலைமையிலான பிரஞ்சிந்திய சோசலிசக் கட்சி வென்றது. அக்கட்சி அந்நாளில் பிரஞ்சு ஒன்றியத்தின் பக்கம் நின்ற கட்சி. 1946இல் 34 இடங்களை வென்ற அணி ஈராண்டுக்குள் தோற்றது எவ்வாறு? மக்கள் மனம் மாறியதும் ஓரளவு இருக்கலாம். முன்னணிக்குள் பொதுவுடைமையாளர்க்கும் காங்கிரசார்க்கும் இருந்த பிளவும் உண்டு. ஆட்சியாளரின் கை குபேரின் பக்கம் இருந்ததும் உண்டு. பிரஞ்சிந்தியத் தேர்தல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே கள்ளவாக்குக்கும் கைகலப்புக்கும் பேர்போனவை. வாக்காளர் பட்டியலை வைத்திருப்பவரே வெற்றியை வைத்திருப்பவர் என்பது அங்கு எல்லோரும் அறிந்த உண்மை. 1950 சனவரியில் சுப்பையாவின் இல்லம் தீக்கிரையாக்கப்பட்ட நிகழ்ச்சி, எதிரணியினர் வாழ்ந்த சூழலைக் காட்டும்.

இந்நிலையில், பேசப்பட்டபடி 1949 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்திருப்பின்? சந்திரநாகூரில் அவ்வாண்டு சூன் 19ஆம் நாள் அது நடந்தது. இணைப்புக்கு ஆதரவாக 7,473 வாக்கும் எதிராக 114 வாக்கும் விழுந்தன. இதனைக் காட்டிப் புதுச்சேரியிலும் இவ்வாறே விளைந்திருக்கும் என்பார் கூற்றை யாம் ஏற்கவில்லை. சந்திரநாகூர் கல்கத்தாவின் வாயிலில் இருந்த ஊர்; அதன் நகராட்சி இணைப்பாளர் கையில் இருந்தது. புதுச்சேரியின் நகராட்சி எதிரணியார் கையில் இருந்தது. மேலும், 1941 முதல் இருந்துவந்த சுங்க உடன்பாடு 1949இல் முடிவுற்றது. இந்தியா எல்லையில் சுங்கச் சாவடிகளை நிறுவிற்று. அதனால் வெளிநாட்டுப் பண்டம் வரியின்றி வந்திறங்கும் துறையாகப் புதுச்சேரி மாறியது. பொன்னும் வைரமும் கைக்கடிகாரமும் இந்திய எல்லைக்குள் கள்ளத்தனமாய்ப் பாய்ந்தன. அவ்வாணிகத்தால் கொழுத்தவர்க்குப் பிரஞ்சு ஆட்சி நீடிப்பதே நலம். அரசிடம் ஓய்வூதியம் பெறும் படைவீரர், சைகோனில் பணிபுரிவோரின் குடும்பத்தார், பிரஞ்சுச் சட்டத்தை ஏற்றுத் தம் பழைய வழக்கைத் துறந்த 'ரெனோன்சான்' வகுப்பார் ஆகியோர்க்கும் இணைப்பைப் பற்றி உண்மையான அச்சங்கள் இருந்தன. குறிப்பாக, பிரஞ்சுச் சட்டத்தின் முன் சாதி வேற்றுமையினின்று ஒரு சிறிது விடுபட்டோர், அவ்வுரிமை புதிய ஆட்சியில் நிலைக்குமா என ஐயுற்றதில் வியப்பில்லை.

இவற்றையெல்லாம் கூட்டி நோக்குமிடத்து, 1949இல் புதுச்சேரி நகரளவிலேனும் வாக்கெடுப்பு பிரான்சுக்குச் சார்பாக முடிந்திருக்கக்கூடும் என்பதே எம் துணிபு. காரைக்காலும் மாகியும் ஏனாமும் வேறு விடை தந்திருக்கலாம். அங்ஙனம் விளைந்திருப்பின், மக்கள் இசைவு என்னும் முத்திரையோடு பிரஞ்சு ஆட்சி நிலைத்திருக்கும். இணைப்பு கோருவதற்குரிய அறத்தளம் இந்தியாவுக்கு வழுவியிருக்கும். கோவா 1961இல் படையினால் மீட்கப்பட்டது. ஆனால் போர்த்துகீசியர் அங்கு மக்களிடம் இவ்வினாவைக் கேட்டதே இல்லை. கேட்டு விடை பெற்றுக்கொண்ட ஒரு பிரஞ்சுப் புதுச்சேரியின் மீது படை செலுத்துதல், பண்டித நேருவின் அரசுக்கு எளிதாய் இருந்திராது. ஆகவே வாக்கெடுப்பு நடவாதது இணைப்பாளர்க்கு நேர்ந்த இழப்பு என்று எழுதுவது பொருந்தாது. அந்நாளில் அவர்க்குக் கேடு விளைக்க வல்லது அந்த வாக்கெடுப்பே.

வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே சென்றது. 1951இல் வந்த நடுநிலை நோக்கர்கள், அங்கு நிலவிய சூழலில் நேர்மையான வாக்கெடுப்பு நடத்தல் அரிது என்று கண்டனர். 1952இல் இந்தியா வாக்கெடுப்பு வழியையே கைவிட்டு நேரடி மாற்றத்தைக் கோரிற்று. எல்லை நெருக்கடி இறுகியது. 1954 மார்ச்சு 18ஆம் நாள், எந்தக் குபேரின் கட்சி பிரஞ்சுக் கொடியின் கீழ் வென்றதோ அந்தக் குபேரும் அவரைச் சார்ந்த அமைச்சரும் நகராட்சித் தலைவரும் வாக்கெடுப்பின்றியே இணைதல் வேண்டும் எனத் தீர்மானித்தனர். அத்திங்கள் முடிவில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறிற்று. மே 7ஆம் நாள் தியென் பியென் பூ வீழ்ந்தது. சூன் 13ஆம் நாள் தாதலா இரபேல் இரமணய்யா முதலியோர் முன்னின்று ஏனாமை விடுவித்தனர். சூலை 16ஆம் நாள் மாகி விடுபட்டது. சூலை 21ஆம் நாள் செனீவாவில் இந்தோசீன உடன்பாடு கையெழுத்தாயிற்று. மூன்றே திங்களில் கீழூர். நாள்களை இவ்வாறு அடுக்கிப் பார்க்குமிடத்து, 1947இல் பூட்டிய பூட்டு எங்குத் திறக்கப்பட்டது என்பது விளங்கும். மெந்தேசு பிரான்சு அனாயை விடத் துணிந்தபின் புதுச்சேரியைப் பற்றிக்கொண்டிருத்தற்குப் பாரிசுக்குக் காரணம் இல்லாதொழிந்தது. இதனாற் சுப்பையாவும் குமாரனும் பெயரறியாத் தொண்டர் பலரும் பட்ட பாடு வீண் என்பது எம் கருத்தன்று. அவர்தம் போராட்டம் இல்லையாயின், பூட்டுத் திறந்த அன்று கதவைத் தள்ளுதற்கு ஆள் இருந்திரார்.

கீழூரில் வாக்களித்த 178 பேருட் பெரும்பாலோர், முன்னர் இணைப்புக்கு எதிர்ப்பக்கம் நின்ற கட்சியின் வழியே பதவிக்கு வந்தவர்கள் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். 1949இல் அவர்கள் நடத்தியிருக்கக்கூடிய வாக்கெடுப்பின் விடையும், 1954இல் அவர்களே அளித்த விடையும் வெவ்வேறு. மேலே கூறிய உக்ரைன் நாட்டின் இரு வாக்கெடுப்புகளை ஈண்டு ஒப்புநோக்குக.

வாக்கெடுப்பு இல்லாமற் போனதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1956 மே 28ஆம் நாள் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தான பின்னரும் பிரஞ்சு நாடாளுமன்றம் ஆறாண்டு அதனை உறுதிசெய்யவில்லை. மக்களிடம் நேரே கேட்கவில்லையே என்பது அங்கு எழுந்த தடைகளுள் ஒன்று. அல்சீரியப் போர் மற்றொன்று. இவ்விடைக்காலத்தில் புதுச்சேரி ஆட்சிமுறையில் இந்தியாவினுடையது, சட்டத்தில் பிரான்சினுடையது. பேருந்து உரிமம் பற்றிய ஒரு வழக்கில், புதுச்சேரி இந்திய நிலப்பரப்பின் பகுதியா என்பதை இந்திய உச்ச நீதிமன்றமே நடுவணரசிடம் கேட்டறிய வேண்டியதாயிற்று. அன்று என்பதே கிடைத்த விடை. அல்சீரியா விடுதலை பெற்ற 1962 சூலையில்தான் பாரிசு இதனை உறுதிசெய்தது. ஆகஸ்டு 16ஆம் நாள் உரிமை முழுதும் மாறிற்று. 1963 சூலையில் ஒன்றியப் பகுதியின் முதல் முதலமைச்சராய்ப் பதவியேற்றவர் எதுவார் குபேர்.

இனி, முன் எழுப்பிய இரண்டாம் வினா. விடுதலை முன்னரே வந்திருப்பின் இன்றைய புதுச்சேரி உண்டா? இதற்குச் சான்று தேடி நாம் கற்பனைக்குச் செல்லவேண்டா, சந்திரநாகூரே சான்று. அங்கு வாக்கெடுப்பு நடந்தது. 1950 மே 2ஆம் நாள் ஆட்சி மாறியது. 1952இல் சட்ட உரிமையும் மாறியது. 1954 அக்டோபர் 2ஆம் நாள் அது மேற்கு வங்காளத்தோடு சேர்ந்தது. இன்று அது ஊக்ளி மாவட்டத்தின் ஒரு நகர். புதுச்சேரியோ, ஒரு நீண்ட பேரத்தின் முடிவில், 1954க்கு முந்திய தனி ஆட்சிமுறையின் நலன்களை இழக்காமல் வந்தது. மக்கள் ஆறு திங்களுக்குள் பிரஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உடன்படிக்கையில் இடம்பெற்றது. 1955இல் தொடங்கிய பிரஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், அதன் முதல் தலைவராய் அமர்ந்த பிலியோசா, அங்குத் திரட்டப்பட்டு 2005இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற சைவச் சுவடிகள் இவையெல்லாம் அப்பேரத்தின் விளைவுகளே. பரோன் கனவு கண்ட பண்பாட்டுச் சந்திப்பு, தனி நகரம் என்னும் உடம்பு இன்றி, நூலகங்களிலும் சுவடிச்சாலையிலும் வாழ்கின்றது எனலாம். தமிழாய்வாளராகிய நாம் அவ்விடங்களிற் சென்று அமருந்தோறும் 1949இல் நடவாதுபோன வாக்கெடுப்பின் பயனை நுகர்கின்றோம்.

1956 உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, அப்பகுதிகளின் தனிநிலையில் பிற்காலத்தில் அரசியலமைப்பு மாற்றம் செய்யவேண்டின் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்யவேண்டும் என்று கூறுகின்றது. இணைப்பின்போது மக்களிடம் நேரே கேட்கப்படாத விருப்பம், இணைப்புக்குப் பிந்திய மாற்றங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 1979 சனவரியில், இப்பகுதிகளை அண்டை மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்னும் கருத்தினைப் பிரதமர் மொரார்சி தேசாய் வெளியிட்டார். வாக்குப் பெட்டி ஏதும் வைக்கப்படவில்லை. புதுச்சேரி மக்கள் தெருவில் இறங்கினர். கிளர்ச்சி பரவியது, சேர்க்கும் எண்ணம் கைவிடப்பட்டது.